அடுப்படியில் ஆப்பிரிக்கா

குனோங் ராபாட் என்றதும் ஈப்போவாசிகளுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, சுண்ணாம்புக்கல் மலைகளும் அவற்றிலுள்ள குகைக் கோயில்களும். மற்றொன்று, ஹியோங் பியா என்னும் சீனப் பலகாரம். இந்த வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேரோ பால்மரத் தோட்டங்களில் இருக்கிறது. தோட்டம் போய், வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. விறகடுப்பு போய், கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் புளிக்குழம்பு கொதிக்கும்போது எழும் வாசம் மட்டும் பாட்டி காலத்து வாசமாகவே இருக்கிறது.

அந்தப் புளிக்குழம்புக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பலரும் சிரிப்பார்கள். ஆப்பிரிக்க நாவல் ஒன்றைப் பொழுதுபோக்காகப் படித்துப் பாருங்கள் என்றால் இன்னும் சிரிப்பார்கள். தேர்வுக்கு இல்லாத புத்தகத்தை எதற்குப் படிப்பது என்பதுதான் பல வீடுகளில் கேட்கும் கேள்வி. இந்த இரண்டு சிரிப்புக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த இடம் நம் வீட்டு அடுப்படி.

புளிக்குப் பூர்வீகம் எது?

முதலில் புளியையே எடுத்துக்கொள்வோம். அரேபிய வணிகர்கள் அதை 'இந்தியப் பேரீச்சை' என்ற பொருளில் தமர் ஹிந்தி என்றார்கள். அதுவே ஆங்கிலத்தில் டாமரிண்ட் ஆனது. பெயரில் இந்தியா இருந்தாலும் புளியமரத்தின் பிறப்பிடம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்றே தாவரவியல் அறிஞர்கள் கருதுகிறார்கள்.

புளியோடு கதை முடியவில்லை. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து வந்தது. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவில் பயிராக்கப்பட்டது. வெள்ளைச்சோளமும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்க மண்ணின் பிள்ளைகளே. கப்பல் நிறுவனங்களும் கங்காணிகளும் தோன்றுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தானியங்கள் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டன. வெண்டைக்காயை ஆங்கிலத்தில் ஓக்ரா என்கிறோமே, அந்தச் சொல்கூட நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து கிளம்பியதுதான்.

தட்டைப்பயற்றை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் பொரிக்கிறார்கள் நைஜீரியப் பெண்கள். அதற்கு அக்காரா என்று பெயர். வடையை அறிந்த எவருக்கும் அந்தச் செய்முறையை விளக்க வேண்டியதில்லை. கென்யாவில் உகாலி என்றும் சிம்பாப்வேயில் சட்ஸா என்றும் சொல்லப்படும் உணவு, மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறும் களிதான். கையால் பிட்டு, உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, கீரையைத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நம் மூதாதையர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்டதும் இப்படித்தானே!

செம்பனை வந்த கதை

இன்று ஈப்போவிலிருந்து எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் செம்பனை கண்ணில் படும். வீட்டில் பலகாரம் பொரிக்கும் எண்ணெயும் அநேகமாக அதிலிருந்து வந்ததே. செம்பனை மலேசிய மரம் அன்று. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா.

1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. தென்கிழக்கு ஆசியச் செம்பனைத் தோட்டங்களின் ஆதித்தாய்கள் என்று அந்த நான்கையும் சொல்வது வழக்கம். மலாயாவில் முதலில் அதை அழகுக்காகவே வளர்த்தார்கள். 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில்தான் முதன்முதலாக வணிக நோக்கில் பயிரிட்டார்கள். பயிரிட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அந்தத் தோட்டத்துரை ஒரு நாவலாசிரியரும்கூட. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்றது. தமிழ்த் தொழிலாளர்களும் அந்த நாவலில் வருகிறார்கள்.

மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் அதன் மகரந்தத்தைச் சுமக்கும் பூச்சி உடன் வரவில்லை. அதனால் பல தோட்டங்களில் தொழிலாளர்கள் கையாலேயே மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டினத்தைக் கொண்டுவந்து விட்ட பிறகே அந்த வேலை குறைந்தது.

பேராக்கில் பால்மரத்துக்கும் பழைய வரலாறு உண்டு. பிரேசிலில் பிறந்த அந்த மரம் லண்டன் வழியாகவும் இலங்கை வழியாகவும் பயணம் செய்து 1877இல் கோலகங்சாரை அடைந்தது. அந்த மரத்தை நம்பித் தமிழர்கள் வந்தார்கள். பின்னர் பால்மரம் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது, குறைந்த ஆட்களே போதும் என்றாகிவிட, பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தன. ஆக, ஒரு மரம் நம்மைக் கொண்டுவந்தது. இன்னொரு மரம் நம்மை வெளியே அனுப்பியது.

நாவலுக்குள் ஓர் அடுப்படி

இதே செம்பனை எண்ணெய் மணக்கும் நாவல் ஒன்று உண்டு. நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி 1958இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட அந்த நாவல், என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. வெள்ளைக்காரர் வருகையால் ஓர் இக்போ கிராமம் சிதைவதைச் சொல்லும் கதை என்று அதைப் பலர் அறிவார்கள். ஆனால் அடுப்படி வழியாக அந்த நாவலுக்குள் நுழைந்தால் வேறு சில விஷயங்களும் தெரியும்.

கதாநாயகன் ஒக்கொங்வோவுக்கு மூன்று மனைவியர். ஒவ்வொருத்திக்கும் தனிக் குடிசை, தனி அடுப்பு. சமைத்ததைப் பிள்ளைகள் தந்தையின் குடிசைக்கு எடுத்துச் செல்கிறார்கள். சேனையை ஒத்த யாம் கிழங்கு அங்கே ஆண்களின் பயிர். மரவள்ளியும் பயறும் பெண்களின் பயிர். வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து இறங்கினால் ஊரே மகிழ்கிறது. அவற்றை வறுத்துக் காயவைத்துச் செம்பனை எண்ணெயோடு உண்கிறார்கள்.

ஒரு நாள் இளைய மனைவி தலை பின்னிக்கொள்ளப் போனவள் பகல் உணவு சமைக்க நேரத்துக்குத் திரும்பவில்லை. அது ஊரே அமைதி காக்கும் வாரம். யாரும் யாரையும் அடிக்கக்கூடாது. ஒக்கொங்வோ அடிக்கிறான். ஊர் வழக்கத்தை மீறியதற்குத் தண்டமும் செலுத்துகிறான். ஒரு வேளைச் சோறு தாமதமானதற்கு ஒரு பெண் வாங்கிய அடி, அந்த மனிதனின் வீழ்ச்சிக்கு முன்னறிவிப்பாக நிற்கிறது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு எந்த நினைவு வரும்? விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, சோறாக்கி, தூக்குச்சட்டியில் அடைத்து, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, பால்வெட்டிவிட்டுத் திரும்பி, மறுபடியும் அடுப்பின் முன் உட்கார்ந்த தோட்டத்துப் பெண்கள் நினைவுக்கு வருவார்கள். சோறு தாமதமானால் அடி விழுந்த வீடுகள் நம்மிடமும் இருந்தன. அதைப் பேச நாம் தயங்குகிறோம். ஆச்சிபி தம் மக்களின் பெருமையையும் எழுதினார், குற்றத்தையும் எழுதினார். அந்த நாவல் உலகமெங்கும் நம்பிக்கையோடு படிக்கப்படுவதற்கு அந்த நேர்மை ஒரு பெரிய காரணம்.

பசித்த காலத்துக் கிழங்கு

மரவள்ளியும் ஆப்பிரிக்கருக்கு அந்நியமாக வந்த பயிர்தான். தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். மலாயாவுக்கும் அது கடல் கடந்தே வந்தது. அதன் அருமையை நம்மவர்கள் உணர்ந்தது ஜப்பான்காரன் காலத்தில்.

1941 டிசம்பர் இறுதியில் ஜப்பானியப் படை ஈப்போவைப் பிடித்தது. மலாயா தன் அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கி உண்ட நாடு. போரால் அந்த அரிசி வரத்து சுருங்கியது. ரப்பருக்குச் சந்தை இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை. மக்கள் கிடைத்த இடத்தில் மரவள்ளி நட்டார்கள். அவித்தார்கள், அரைத்தார்கள், அடை தட்டினார்கள், இலையைக் கீரையாக்கினார்கள். இளைஞர்கள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாமலே போனார்கள்.

அந்தத் துயரத்தை ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்ற மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் நாவல்களில் பதிவு செய்திருக்கிறார்கள். ரயில் பாதையின் கதை ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. வீட்டில் மரவள்ளியைப் பங்கிட்ட தாயின் கதை இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியிருக்கிறது.

சோளக்கொல்லையில் ஒரு சிறுமி

சிம்பாப்வேயின் சிட்சி டங்கரெம்பகா 1988இல் ஒரு நாவல் வெளியிட்டார். அதில் தம்பு என்ற ஏழைச் சிறுமி வருகிறாள். வீட்டில் காசில்லை. அண்ணனை மட்டும் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். பெண்ணுக்குச் சமையலும் வீட்டு வேலையும் தெரிந்தால் போதும் என்கிறார் தகப்பனார். அவள் அழுதுவிட்டு உட்காரவில்லை. ஒரு துண்டு நிலத்தில் மக்காச்சோளம் பயிரிட்டு, விற்று, பள்ளிக் கட்டணம் கட்டுகிறேன் என்கிறாள். விளைந்த கதிர்களை யார் திருடுகிறார் தெரியுமா? சொந்த அண்ணன்!

மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி வந்தது. ஆனாலும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள, சோறாக்க என்று பாதியில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கும் பாட்டிமார்களிடம் கேட்டால் தெரியும். தம்புவின் கதை அவர்களுக்குக் கதையாகவே தோன்றாது.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பு

கென்யாவின் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றவர். 1977இல் தம் தாய்மொழியான கிக்குயுவில் கிராம மக்களோடு சேர்ந்து ஒரு நாடகம் போட்டார். அதற்காக விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் கிக்குயு மொழியிலேயே ஒரு நாவல் எழுதினார். 1980இல் வெளியான அது, தமிழிலும் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் வந்திருக்கிறது. 2025இல் மறையும்வரை தாய்மொழியை விடாமல் எழுதினார் கூகி.

அந்த நாவலை மக்கள் எப்படிப் படித்தார்கள் என்பதுதான் இங்கு முக்கியம். மாலையில் குடும்பம் கூடி உட்கார, எழுத்தறிந்த ஒருவர் சத்தமாகப் படித்தார். வேலையிடங்களில் மதிய உணவு நேரத்தில் தொழிலாளர்கள் கூடி நின்று கேட்டார்கள். கூகியே இதைப் பதிவு செய்திருக்கிறார். நம் தோட்டங்களிலும் அன்று தமிழ்ப் பத்திரிகை இப்படித்தான் படிக்கப்பட்டது. ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். அங்கே யாருக்கும் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. அந்த வாசிப்பு சோறு போலவே அன்றாடத் தேவையாக இருந்தது.

எழுதப்படாத சமையலறை

வாசகர்களே, ஆச்சிபியும் டங்கரெம்பகாவும் கூகியும் உலகை வெல்ல வேண்டும் என்று விசித்திரமான கதைகளைத் தேடிப் போகவில்லை. தம் வீட்டில் என்ன சமைத்தார்கள், யார் முதலில் சாப்பிட்டார்கள், யார் பட்டினி கிடந்தார்கள் என்பதைக் கூச்சமின்றி எழுதினார்கள். அதனால்தான் ஈப்போவில் இருந்து படித்தாலும் அது நம் வீட்டுக் கதையாகத் தெரிகிறது.

நம் நிலை என்ன? தென்னமாரத்துத் துரை எழுதிவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்த அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். உள்ளூர் எழுத்தாளர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தோட்டத்து அடுப்படியை முழுதாக அறிந்தவர்கள் அந்தப் பாட்டிமார்கள்தாம். அவர்களில் பலர் எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் போனவர்கள். மரவள்ளி அடையை எந்தப் பதத்தில் எடுப்பது, கடைசிக் கவளம் யாருக்குப் போனது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவராக விடைபெறும்போது ஒரு நூலகம் மூடப்படுகிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஞாயிற்றுக்கிழமை பாட்டி சமைக்கும்போது பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். அளவை மட்டும் எழுதாமல், அந்தச் சமையலோடு வரும் கதையையும் எழுதட்டும். சாப்பாடு முடிந்ததும் ஒரு நாவலைப் பிரித்து அவருக்குப் படித்துக் காட்டட்டும். அது தம்புவின் கதையாக இருந்தால் இன்னும் நல்லது. கதிரைத் திருடிய அண்ணன் வரும் இடத்தில் பாட்டி நிச்சயம் குறுக்கிட்டு ஏதாவது சொல்வார். அதையும் அந்த நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.