பணியாளர் டிஜிட்டல் அனுபவம்

பணியாளர் டிஜிட்டல் அனுபவம்: வீட்டிலிருந்தோ, வீடும் அலுவலகமுமாக மாறி மாறியோ வேலை செய்பவருக்கு மடிக்கணினி, இணைய இணைப்பு, செயலிகள், தொழில்நுட்ப உதவிப் பிரிவு ஆகியவை எந்த அளவுக்குத் தடையின்றிக் கைகொடுக்கின்றன என்பதைக் குறிக்கும் மேலாண்மைக் கருத்து.

கணினி இயங்கத் தொடங்க ஆகும் நேரம், செயலி முடங்குவது, வி.பி.என். (அலுவலகப் பிணையத்துக்கான பாதுகாப்பான இணைப்பு) துண்டிப்பு போன்றவற்றைக் கணினியில் நிறுவிய சிறு மென்பொருளே பதிவுசெய்யும்; புகார் வருமுன் பழுதைச் சரிசெய்ய இது உதவுகிறது. இதே பதிவு கண்காணிப்பாக மாறக்கூடும் என்பது தீராத சிக்கல்.

அமெரிக்க ஆய்வாளர் ஜாக் நில்லெஸ் 1970களிலேயே தொலைபணியை, அதாவது அலுவலகத்துக்கு வெளியிலிருந்து வேலை செய்வதை, ஆராய்ந்தார். ஆயினும் 2020 கொரோனா ஊரடங்குதான் பணியாளர் டிஜிட்டல் அனுபவத்தைப் பெருநிறுவனங்களின் அன்றாடக் கவலையாக்கியது.

2021 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட், பணியாளர் அனுபவத்துக்கான ‘விவா’ தளத்தை அறிவித்தது. அதே மாதம் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன், காணொலிக் கூட்டம் முழுக்கத் திரையில் தன் முகத்தையே பார்த்திருப்பதும் காணொலிச் சோர்வுக்கு ஒரு காரணம் என்றார். தன் படத்தை மறைத்துவைப்பது அவர் சொன்ன எளிய தீர்வு.