கூரும் பதமும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ஒரு கருவியும் சில சொற்களும்

செகிஞ்சானில் முன்பொரு முறை நாம் உரையாற்றி முடித்து வெளியே வந்தபோது, மாணவர் ஒருவர் இலக்கணத்தைப் பற்றியன்று, ஒரு பாராங் கத்தியைப் பற்றிக் கேட்டார். அது அவருடைய தாத்தாவின் கத்தி. நுனி ஒடிந்துபோகவே ஒரு பட்டறையில் கொடுத்து, மின்சாணையால் இரண்டு அங்குலம் குறுக்கி, வாயையும் புதிதாக அமைத்து வாங்கியிருக்கிறார். வடிவம் நன்றாகவே வந்துவிட்டது. ஆனால் இளநீர் சீவத் தொடங்கியதும், புதிய நுனியை ஒட்டிய மூன்று விரல் நீளத்தில் வாய் மடங்கிவிடுகிறது. "கூர் ஏறுதுங்க ஐயா, நிக்க மாட்டேங்குது" என்றார்.

துவைச்சல் போய்விட்டது என்று நாம் விடை சொன்னோம். அவர் துணி துவைத்தலைத்தான் அறிந்திருந்தார். உடன் நின்ற ஆசிரியர் இருவரும் அவ்வாறே. அவர்களைக் குறை சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. கொல்லர் தொழிலில் வேரூன்றிய ஒரு சொல், கத்தியையே பிழைப்பாகக் கொண்டு வாழ்ந்த ஒரு மக்களிடையே எவ்வாறு வழங்காமற் போயிற்று என்னும் வினா அன்று எழுந்தது. இவ்வுரை அவ்வினாவின் தொடர்ச்சியே.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். உருக்கைச் செந்நிறம் வரக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் உடன் வந்துசேரும். ஆகவே மீண்டும் இளஞ்சூட்டில் காட்டி அக்கடினத்தைச் சற்றே தளர்த்துவர். இரு செயல்களையும் சேர்த்தே நம் கொல்லர் துவைச்சல் என்றும் தோய்ச்சல் என்றும் வழங்கினர். இரண்டாம் சூட்டின் அளவை உரைப்பது நிறம். மெருகிட்ட உருக்கின் மேல் ஏறத்தாழ 220 பாகையில் வைக்கோல் மஞ்சள் படரும். 255 பாகையில் பழுப்பு. 280 பாகையளவில் ஊதா. 300 பாகையை ஒட்டி நீலம். கத்திக்கு மஞ்சளுக்கும் பழுப்புக்கும் இடையில் நிறுத்துவர். நீலம் சுருள்வில்லுக்கு உரிய பதம். கூர் தாங்க வேண்டிய வாய்க்கு உரியதன்று. வெப்பமானி இல்லாத கொல்லனுக்குக் கண்ணே அளவுகோலாக இருந்தது.

இந்த இரண்டாம் சூட்டை, யாரையும் கேளாமல் ஏற்றிவிடுவதுதான் விரைந்து சுழலும் சாணை. வாயின் ஓரம் தாளளவு மெல்லியது. ஏறிய வெப்பம் ஓடி ஒளிய அங்கே உடம்பில்லை. இரண்டொரு நொடியில் நீலம் பூத்துவிடும். அதன்பின் நீரில் அமிழ்த்துவதால் பயனில்லை. நிறத்தைத் தேய்த்து அகற்றலாம். தளர்ந்த உருக்கு தளர்ந்ததே.

திரும்பப் பெற இயலாமைக்குக் கொல்லன் உலையையே உவமையாக்கிய புலவர் ஒருவர் நம்மிடம் உண்டு. புறநானூற்றின் 21ஆம் பாடலில் ஐயூர் மூலங்கிழார், உக்கிரப் பெருவழுதி கைக்கொண்ட கானப்பேரெயில் இனிப் பகைவனுக்கு மீளாது என்பதை விளக்க, காய்ந்த இரும்பின் மேற்பட்டு மறைந்த நீரைக் காட்டுகிறார். அவர் துவைச்சலைத்தான் கருதினார் என்று நாம் அறுதியிடவில்லை. உலையருகே நின்று பார்த்தவரின் உவமை என்பது மட்டும் தெளிவு. கொடுமணல் அகழாய்வு தந்த உலை எச்சங்களை நோக்கும்போது, அக்காலத் தமிழர்க்கு இத்தொழில் புதிதன்று என்பதும் புலனாகும்.

இனி மலாயாவுக்கு வருவோம். 1877இல் சிங்கப்பூர் வந்துசேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளின் கதையை ஆசிரியர்கள் அறிவர். ஆனால் தோட்டத் தொழிலை உருவாக்கியது கன்று மட்டுமன்று, வெட்டும் முறையும்தான். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, ஒரே காயத்தின் ஓரத்தை மெல்லிய சீவலாக மீண்டும் மீண்டும் திறந்து பால் எடுக்கலாம் என 1890களில் காட்டினார். ஒவ்வொரு முறையும் சீவ வேண்டியது ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள வளர்படலத்தைக் கத்தி தொடலாகாது. தொட்டால் புதுப்பட்டை முடிச்சும் முண்டுமாக வளரும். பின்னாளில் அவ்விடத்தில் சீராகக் கோடிட்டு வெட்டுவது அரிது. மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாது, கிழிக்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மரங்களை விடியற்குளிர் நீங்குமுன் வெட்டி முடிக்க வேண்டிய பெண்ணொருத்திக்குக் கூர் என்பது அழகன்று, அன்றைய கூலி.

ஆகவே தோட்டத்தில் தீட்டுதல் அன்றாடக் கடமையாயிற்று. உளி என்றும் பால்வெட்டுக் கத்தி என்றும் வழங்கிய அக்கருவியின் வாய் மடிந்த வடிவுடையது. வெளிப்புறத்தைத் தட்டைக் கல்லிலும் உட்புறத்தை ஓரம் மெலிந்த சிறு கல்லிலும் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான கல், பின்பு வழவழப்பான கல். இவ்வாறு நாள்தோறும் தேய்ந்து அலகு குறுகிக்கொண்டே வரும். ஓரம் உதிர்ந்துவிட்டால் உதிர்ந்த இடம் மறையும்வரை தேய்ப்பர். அன்று சற்று அதிகமாகவே குறுகும். ஆயினும் கைக்கல்லில் தேய்ப்பதால் உருக்கு விரல் பொறுக்காத சூட்டை அடைவதில்லை. பதம் கெடாமலே கத்தி தேய்ந்து முடியும்.

நம் வினாவுக்கு விடை இங்கேதான் உள்ளது என்று கருதுகிறோம். கங்காணிமார் ஊர்களிலிருந்து அழைத்துவந்தது பெரும்பாலும் வயற்காட்டு உழைப்பாளரை. ஊர்க்கொல்லன் தன் உலையோடும் துருத்தியோடும் களத்து நெற்பங்கோடும் அங்கேயே தங்கிவிட்டான். இங்கே கத்தி துவைச்சல் ஏற்றப்பெற்று, விற்பனைப் பொருளாக வந்தது. பதத்தை ஏற்றுபவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனை இழக்கும் ஆபத்தும் கைக்கல்லில் இல்லை. இரண்டுக்கும் இடையில் சொல்லுக்கு வேலை இல்லாமற் போயிற்று. பின்னர் மின்சாணை வந்தது. ஆபத்து வந்தது, அதற்குப் பெயரிடும் சொல் வரவில்லை.

ஆனால் நோயைக் கண்டறியும் சொற்கள் அழியவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். 'வாய் மடங்குகிறது', 'வாய் உதிர்கிறது' என்று முதியோர் வேறுபடுத்திக் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். மடங்கினால் உருக்கு இளகியது; உதிர்ந்தால் மிகக் கடினமானது. உலோகவியலார் கருவி கொண்டு அளப்பதை இவ்விரு வினைகள் சொல்லிவிடுகின்றன. சாணை என்னும் சொல்லும் வாழ்கிறது. மலாயில் தீட்டுதலைக் குறிக்கும் 'சானாய்' அதனோடு உறவுடையது என்பர் சொல்லாய்வாளர். ரொட்டி சானாயைச் சென்னையோடு இணைத்து மகிழ்வோர், மாவைத் தேய்த்து விரிப்பதற்கும் மலாயில் அவ்வினையே வழங்குவதை ஏனோ நினைப்பதில்லை.

கலைச்சொல்லாக்கத்தில் 'பதப்படுத்துதல்' என்று எழுதுகின்றனர். தோலையும் மீனையும் பதப்படுத்துவதாகவும் அதே ஏட்டில் எழுதுகின்றனர். கைக்கெட்டும் தொலைவில் துவைச்சல் இருக்க, இந்த நெருக்கடி தேவையில்லை என்பது நம் கருத்து.

கத்தியைக் குறுக்கும் முறையைக் கேட்ட மாணவருக்குச் சொன்னதை இங்கும் சொல்லிவிடுகிறோம். வாளி நிறைய நீர் அருகில் இருக்கட்டும். கண்ணுக்குக் காப்பிட்டுக்கொள்க, ஆனால் அலகைப் பிடிக்கும் கையில் உறை வேண்டா, சூட்டை முதலில் அறிவது விரலே. உறையில்லாத கை சுழலும் கல்லுக்கு எட்டத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முதுகுப் பக்கத்திலிருந்து தேய்க்கத் தொடங்குக. அங்கே தடிப்பு மிகுதி, சூடு பரவ இடமுண்டு. ஓரிரு நொடி தொட்டதும் எடுக்க வேண்டும். வெதுவெதுப்புத் தெரிந்தால் நீரில் அமிழ்த்த வேண்டும். கல்லின் மேல் அழுத்தலாகாது. புதிய வாயை மின்சாணையில் மெல்லியதாக்கி முடிக்காமல், தடித்த ஓரமாகவே விட்டு, எஞ்சியதைக் கைக்கல்லில் தீட்டுக. முன்னரே நீலம் பாய்ந்த கத்தியாயின், அத்தளர்ந்த பகுதி முழுவதையும் குளிரக் குளிரத் தேய்த்துக் கழிப்பதைத் தவிர வழியில்லை. அல்லது உலையில் மீண்டும் துவைச்சல் ஏற்ற வேண்டும்.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பால்வெட்டுக் கத்தியின் காலம் ஏறக்குறைய முடிந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இவ்வட்டாரத்துத் தெனமாரத்தில்தான் போடப்பட்டது. 1960களுக்குப் பின் ரப்பர் நிரைகளைச் செம்பனை விழுங்கியது. செகிஞ்சான் வயல்களிலோ அறுவடைப் பொறி அரிவாளை ஓய்வுறச் செய்தது. குலை வெட்டும் அரிவாள் இன்றும் உண்டு. அதனைத் தீட்டுவோர் பலர் நம் தமிழர் அல்லர்.

அம்மாணவர் மறுமுறை வந்தபோது பாராங்கைக் கொண்டுவரவில்லை. மூன்று விரல் நீளத்தையும் கழித்துவிட்டதாகவும், இப்போது வாய் நிற்பதாகவும் சொன்னார். கையில் தம் பாட்டியின் உளியை வைத்திருந்தார். அலகு சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நீலம் எங்கும் இல்லை. பாட்டி அதனைத் தீட்டும்போது என்னென்ன சொற்களைப் பயன்படுத்தினார் என்று கேட்டோம். கேட்டு எழுதி வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.