உம்மம்மாமார் மறைக்கிற காதல் கவிகள்



போன கிழமை எங்கள் வகுப்பில் 28 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு பழைய கவியோ விடுகதையோ கேட்டு எழுதி வர வேண்டும். 4 பேர்தான் கொண்டு வந்தார்கள். ஒரு பிள்ளை சொன்னாள்: "உம்மம்மா ஒரு கவி சொன்னா சேர். ஆனா அது மச்சான் மச்சிக் கவியாம், எழுத வேணாமெண்டுட்டா."

அந்தக் கூச்சத்தால் எவ்வளவு இழக்கிறோம் என்று யோசித்தோம்.

வட்டுக்கோட்டை நமக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம். அவ்வூர் மு. இராமலிங்கம் அவர்கள் போன நூற்றாண்டில் வடபகுதி நாட்டார் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவருடைய நூல்களில் ஒன்றின் பெயர் 'களவுக் காதலர் கையாண்ட விடுகதைகள்'. ஊர் பார்க்கக் கதைக்க முடியாத இருவர், விடுகதைக்குள் மறைத்து மனதைச் சொல்லிக்கொண்டார்கள். அதை வெட்கக்கேடு என்று அவர் ஒதுக்கியிருந்தால், இன்று நமக்கு ஒன்றும் கிடைத்திராது.

கடல் கடந்து ஸ்கொட்லாந்திலும் விடுகதை காதலுக்குத் துணை நின்றிருக்கிறது. அங்கே கப்டன் வெடர்பேர்ன் என்பவர் பெண் கேட்ட கதையைச் சொல்லும் பழைய கதைப்பாட்டு ஒன்று உண்டு. ரொஸ்லின் பிரபுவின் மகளைக் கண்டவர், அவளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். அவள் அழுது புலம்பவில்லை. என் கேள்விகளுக்கு விடை சொன்னால்தான் சம்மதம் என்கிறாள். கொட்டையில்லாத செரிப்பழம் எது? எலும்பில்லாத கோழி எது? பூவாக இருக்கும்போது செரிக்குக் கொட்டையில்லை, முட்டைக்குள் இருக்கும்போது கோழிக்கு எலும்பில்லை என்று அவர் அவிழ்க்கிறார். இப்படிக் கேள்விமேல் கேள்வி கேட்டு, எல்லாவற்றுக்கும் விடை வந்த பிறகே அவள் இணங்குகிறாள்.

அவர் தூக்கிப் போனது சரியென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் கடைசி வார்த்தை அவளுடையது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் இல்லை என்று படித்த நமக்கு அது விளங்கும்.

அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட 305 கதைப்பாட்டுகளில் இது 46ஆவது. அவருக்கு முன்பே, 1802இல், வோல்டர் ஸ்கொட் எல்லைப்புறப் பாட்டுகளை அச்சிட்டார். அவருக்குப் பாட்டுச் சொன்னவர்களில் ஒருவர், கவிஞர் ஜேம்ஸ் ஹொக்கின் தாயார். அச்சில் பார்த்ததும் அந்தத் தாய் சந்தோஷப்படவில்லை. இவை பாடுவதற்கு உண்டானவை, வாசிப்பதற்கல்ல, நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று குறைப்பட்டதாக மகன் எழுதியிருக்கிறார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எழுத்தில் ராகம் வராது.

நம் கதை வேறு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, 2 மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டோம். கொண்டு வந்த பொருளைச் சோதித்துப் பறித்தார்கள். நெஞ்சிலிருந்த கவியைப் பறிக்க முடியவில்லை. ஆனால் புத்தளத்து முகாம் கொட்டிலில் கவி பாட யாருக்கு மனம் வரும்? கிணற்றடியும் கலியாண வீட்டு முற்றமும் போனதோடு, அங்கே பாடிய குரல்களும் அடங்கின. கிழக்கில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் முஸ்லிம் கிராமத்துக் கவிகளைத் தேடிச் சேர்த்தார்கள். அந்த வேலையை நம் சோனகத் தெருவுக்கு நாம்தான் செய்ய வேண்டும்.

ஹொக்கின் தாயாருக்குக் கிடைக்காத ஒன்று நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. போனை எடுங்கள். உம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருங்கள். பாடச் சொல்லி அவருடைய குரலிலேயே பதியுங்கள். எந்தத் தெரு, யாரிடம் கேட்டது, எப்போது பாடியது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இருக்கும் நம் உறவுகளுக்கும் இதே வேண்டுகோள்தான்.

அந்தப் பிள்ளையிடம் நாங்கள் சொல்லி அனுப்பியது: "உம்மம்மா வெட்கப்பட ஒண்டுமில்லையாம், சேர் கேக்க ஆசைப்படுறாராமெண்டு சொல்லுங்க." பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்.