டேங்குக்குள் முங்கிக் கிடக்கும் பம்பின் கதை

காரில் பெட்ரோல் பம்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் குறைவு. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகக் குழல். டேங்குக்குள் முங்கியே கிடந்து, சாவியைத் திருப்பியதும் 'ஊங்' என்று ஒரு முனகல் முனகிவிட்டு வேலையில் இறங்கிவிடும். நம்மைப்போல் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் போய்வருகிறவர்களுக்கு அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, டர்போவை முடுக்கி, குதிரைத்திறனைக் கூட்டியவர்களைக் கேட்டுப்பாருங்கள்: "இந்தப் பம்பு ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்ற கவலையில் தூக்கம் கெட்டவர்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. கவலை என்னவோ இந்தத் தலைமுறையுடையது. நகலெடுப்பது மட்டும் பம்பு பிறந்த காலத்திலிருந்தே உள்ள வழக்கம்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிடெசிபியஸ் என்றொரு கிரேக்கர் இருந்தார். நாவிதரின் மகன். இரண்டு உருளைகள், இரண்டு பிஸ்டன்கள், நீரை மேலே விட்டுக் கீழே இறங்கவிடாத வால்வுகள் என்று அவர் அமைத்த அழுத்தப் பம்புதான் இந்தக் குடும்பத்தின் முப்பாட்டன். அவர் எழுதியது ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் நூலில் விவரித்து வைத்ததால்தான் இன்று நமக்கு அதைப் பற்றித் தெரிகிறது. மூலம் காணாமல் போய், பார்த்து எழுதியவரின் வரிகள் மட்டும் தங்கிவிட்டன.

பம்புக்குச் சுழலும் குணம் வந்த கதைக்கு 1588-க்குப் போகவேண்டும். பிரெஞ்சு மன்னரிடம் பொறியாளராக இருந்த இத்தாலியர் அகோஸ்தினோ ராமெல்லி, பாரிஸில் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். 195 படங்கள், பாதிக்கு மேல் நீர் இறைக்கும் எந்திரங்கள். அவற்றில் ஒன்றில், வட்டமான கூட்டுக்குள் மையம் விலகிச் சுழலும் ஓர் உருளை. உருளையின் பள்ளங்களில் உள்ளே போய் வெளியே வரும் தகடுகள். ஒரு பக்கம் இடம் விரியும்போது நீர் உள்ளே வரும், மறுபக்கம் இடம் சுருங்கும்போது வெளியே தள்ளப்படும். பிஸ்டனின் இழு-தள்ளு இல்லை. அதே புத்தகத்தின் முன்னுரையில் ராமெல்லி ஒரு பாட்டம் குமுறியிருக்கிறார்: தனக்கு நெருங்கியவர்களே வரைபடங்களைத் திருடி, சிதைத்து, தங்கள் பெயரில் வெளியிட்டுவிட்டார்களாம். மையம் விலகிய அந்த உருளையின் படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து ஒரு ஃபோக்ஸ்வாகனுக்குள் அதைப் பார்க்கப்போகிறோம்.

கார் வந்தபோது பம்பு கூடவே வந்துவிடவில்லை. 1908-ல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி-யில் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கி ஓடியது. டேங்கில் கொஞ்சமே இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் எஞ்சின், டேங்கைவிட மேலே போய்விடும். ஓட்டுநர்கள் கூச்சப்படாமல் வண்டியைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் மலை ஏறினார்கள். பிறகு எஞ்சினின் உறிஞ்சலையே பயன்படுத்தும் வாக்குவம் டேங்க் வந்தது. நீண்ட ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் உறிஞ்சல் குறைந்து அதுவும் கைவிட்டது. 1920-களின் இறுதியில்தான், எஞ்சினின் கேம் தண்டு ஒரு சவ்வைத் தட்டித் தட்டி இயக்கும் மெக்கானிக்கல் பம்பை அமெரிக்காவின் ஏ.சி. நிறுவனம் கார்களில் பரவலாக்கியது.

நம்மூர் அம்பாசடர் மெக்கானிக்குகள் 'ஏ.சி. பம்பு' என்று சொல்வது இதைத்தான். குளிரூட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டுக்குப் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், வண்டி நின்றுவிடும். பானெட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, ஓரமாக நின்று ஒரு டீ குடிப்பதுதான் வைத்தியம். பிரிட்டனில் எஸ்.யு. நிறுவனத்தின் மின்பம்பு 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டு இதற்குப் போட்டியாக வந்தது. அது சிக்கி நின்றால் எம்.ஜி. கார்க்காரர்கள் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டுவார்கள், மறுபடி ஓடும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்.

1940-ல் இந்த விவகாரம் வானத்துக்குப் போனது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானம் மூக்கைச் சட்டென்று கீழே கவிழ்த்தால் மெர்லின் எஞ்சின் இருமி அடங்கும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாகி, முதலில் பஞ்சம், பின்னாலேயே வெள்ளம். எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட்டில் இருந்த டெய்ம்லர்-பென்ஸ் டி.பி. 601 எஞ்சினிலோ கார்புரேட்டரே கிடையாது. பம்பு நேராகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சியது. அந்த விமானம் கவிழ்ந்து பாய்ந்து தப்பிவிடும். இதற்குத் தீர்வு கண்டவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிளில் மணிக்கு நூறு மைலைத் தாண்டிய பந்தயக்காரரும்கூட. எஞ்சின் முழு வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் குடிக்குமோ அந்த அளவை மட்டும் விடும் துளை. அந்தத் துளை போட்ட சின்ன உலோகத் துண்டு. அவ்வளவுதான். 1941-ல் அவரும் அவர் குழுவும் விமானத் தளம் தளமாகப் போய் அதைப் பொருத்தினார்கள். முழு வேகத்தில் எவ்வளவு தேவை என்ற அவருடைய கேள்வியைத்தான் இன்றைக்கும் பம்பு வாங்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டும்.

டி.பி. 601-க்கு ஜப்பானில் இரண்டு வாரிசுகள். ராணுவத்துக்காகக் கவாசாகியும் கடற்படைக்காக ஐச்சியும் தனித்தனியே உரிமம் வாங்கி, ஒரே எஞ்சினுக்கு இருமுறை பணம் கட்டின. கையில் முழு வரைபடம், முறையான உரிமம், திறமையான தொழிற்சாலை எல்லாம் இருந்தும் கவாசாகியின் எஞ்சின் அடிக்கடி மக்கர் செய்தது. வரைபடத்தோடு எடுத்த நகலுக்கே இந்தக் கதி என்றால், வெளித்தோற்றத்தைப் பார்த்து எடுக்கும் நகலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

போருக்குப் பிறகு, சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் இந்த ஊசிமுறை 1954-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காருக்குள் வந்தது. அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் மின்னணுவால் பெட்ரோலை அளந்து விடும் முறையைக் கண்டுபிடித்து, 1958-ல் கிரைஸ்லரின் சில டஜன் கார்களில் ஏற்றிப் பார்த்தது. அக்கால மின்னணுப் பாகங்கள் தாங்கவில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பழையபடி கார்புரேட்டரே மாட்டினார்கள். அந்தக் காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்குக் கைமாற, 1967-ல் அமெரிக்கப் புகைச் சட்டங்களைச் சமாளிக்க ஃபோக்ஸ்வாகன் 1600-ல் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு ஊசிமுறை பிறந்தது. இதற்குக் கேம் தட்டும் பம்பின் மெல்லிய அழுத்தம் போதாது. சுமார் 2 பார் அழுத்தம் விடாமல் வேண்டும். பாஷ் வைத்த மின்பம்பைப் பிரித்தால், மையம் விலகிய உருளை, பள்ளங்களில் நகரும் குட்டி உருளைகள். ராமெல்லியின் தகடுகள் இருந்த இடத்தில் உருளைகள் வந்திருந்தன.

அதே பாஷுடன் 1953-லேயே தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டிருந்தது, டொயோட்டாவிலிருந்து பிரிந்துவந்த நிப்பான்டென்சோ. இன்றைய டென்சோ. கற்றுக்கொண்டு தொடங்கிய அந்த நிறுவனத்தின் பம்புகள் பிற்காலத்தில் தாங்களே மற்றவர்கள் போலி செய்யும் அசலாகிவிட்டன.

அடுத்து, பம்பு டேங்குக்குள்ளேயே இறங்கியது. பெட்ரோலுக்குள் மின்மோட்டாரா என்று பதறவேண்டாம். மூழ்கிய இடத்தில் தீப்பற்றப் போதிய ஆக்சிஜன் கிடையாது. பெட்ரோல் மோட்டாரின் ஊடாகவே ஓடி அதைக் குளிர்விக்கவும் வழவழப்பாக்கவும் செய்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்பு சீக்கிரம் போவதும் இதனால்தான்.

இனி 1991. ரோட்டரி எஞ்சின் பூட்டிய மாஸ்டா 787பி லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்ற ஆண்டு. அதே மாஸ்டாவின் மூன்றாம் தலைமுறை ஆர்.எக்ஸ்-7 கார் வெளிவந்ததும் அதே ஆண்டு. 1.3 லிட்டர், இரட்டை டர்போ, பிஸ்டனே இல்லாத எஞ்சின். இதன் சொந்தக்காரர்கள் பெரிய டர்போ மாட்டியதும் முதலில் மூச்சுத் திணறுவது பம்புதான். கணக்கு எளிது: டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குத் தோராயமாக 270 கிராம் பெட்ரோல் கேட்கும். 400 குதிரைத்திறன் என்றால் 108 கிலோ, அதாவது ஏறக்குறைய 145 லிட்டர். ரோட்டரி இன்னும் தாகக்காரன். அந்த வேகத்தில் பத்து விநாடிதான் ஓட்டுகிறோம் என்றாலும், அந்தப் பத்து விநாடிக்கும் அதே வீதத்தில் வந்தாக வேண்டும். வராவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, வெடிப்பு தறிகெட்டு, ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடையும். பம்பில் மிச்சம் பிடித்த காசு எஞ்சினில் போகும்.

பலர் டொயோட்டா சுப்ரா டர்போவின் டென்சோ பம்பைக் கழற்றி இதில் மாட்டினார்கள். இன்னும் பலர் கைவைத்தது வால்ப்ரோ 255. புல்வெட்டும் எந்திரத்துக்கும் மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் கார்புரேட்டர் செய்து 1950 முதல் மிச்சிகனில் வளர்ந்த நிறுவனம் வால்ப்ரோ! அதன் 255 பம்பில் இருப்பது ஜெரோட்டர்: உள்ளே ஒரு பல்சக்கரம், வெளியே ஒரு பல் கூடுதலான வளையம், இரண்டும் மையம் விலகிச் சுழலும். வளைகோட்டுக் கணக்குப்படி பார்த்தால் ஆர்.எக்ஸ்-7 எஞ்சினுக்கு இது ஒன்றுவிட்ட உறவு.

2001-ல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் சிவப்பு ஆர்.எக்ஸ்-7 சீறிப்பாய்ந்தது. இணைய ஏலக்கடைகளும் அப்போதுதான் சூடுபிடித்திருந்தன. தேவை பெருகியது, தெரிந்த பெயர் ஒன்று இருந்தது, பொருளோ டேங்குக்குள் மறைந்துபோவது. போலிக்காரருக்கு இதைவிட நல்ல சந்தை வேறென்ன வேண்டும்? வெள்ளி நிறக் குழலும் எழுத்தும் பெட்டியும் அச்சு அசலாக வந்தன. பாஷ் 044 பம்புக்கும் இதே கதிதான். நீண்ட பாக எண்ணின் கடைசி மூன்று இலக்கமே பெயராகும் அளவுக்குப் புகழ்பெற்றதால், போலிகளும் அதே அளவுக்குப் பெருகின. இந்தப் போலிகள் ஊருக்குள் ஓட்டும்போது நல்ல பிள்ளையாக இருக்கும். டர்போவின் காற்றழுத்தமான பூஸ்ட் ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும்.

அசலை எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. எழுத்தைத்தானே முதலில் காப்பியடிப்பார்கள். பெயரும் குழப்பும்: 1999-ல் பிரிட்டனின் டி.ஐ. குழுமம் வால்ப்ரோவை வாங்கிவிட்டதால், அசல் பம்பு இன்று டி.ஐ. ஆட்டோமோட்டிவ் என்ற பெயரில் வரும்; அதைக் கண்டு மிரளவேண்டியதில்லை. பாக எண்ணை முழுதாகப் பாருங்கள். அதே 255-ல் சாதாரண அழுத்தத்துக்கு ஒன்று, உயர் அழுத்தத்துக்கு ஒன்று உண்டு. பார்க்க இரட்டையர், உள்ளே வால்வு வேறு. நிறுவனம் தானே பெயர் சொல்லும் விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். பாதி விலைக்கு ஒருவர் தந்தால், அவர் தருமம் செய்யவில்லை.

மணிக்கு 255 லிட்டர் என்பதும் நிபந்தனையோடு வரும் எண்தான்: 13.5 வோல்ட், 40 பி.எஸ்.ஐ. அழுத்தம். 60-க்கு அழுத்தத்தை ஏற்றினால் அதில் மணிக்குச் சுமார் நாற்பது லிட்டர் குறைந்துவிடும். டர்போ காரில் பூஸ்ட் கூடக்கூட ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தையும் அதே அளவு கூட்டும் என்பதால் இந்த இறக்கத்தைக் கணக்கில் சேர்த்தே பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயந்துபோய் மிகப் பெரிய பம்பாக மாட்டினாலும் தொல்லை: பழைய ரெகுலேட்டரும் திரும்பிவரும் குழாயும் உபரியைக் கையாள முடியாமல், வண்டி நிற்கும்போது அழுத்தம் ஏறிவிடும்.

சோதிக்க வேண்டுமானால் ரெகுலேட்டரில் 40 பி.எஸ்.ஐ. வைத்து, திரும்பிவரும் குழாயை அளவுக்கோடு போட்ட கேனில் விட்டு, பம்பின் முனையில் மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு முப்பது விநாடி ஓட்டுங்கள். அருகில் நெருப்பும் பொறியும் இருக்கக்கூடாது. 13.5 வோல்ட் இருந்தால் இரண்டு லிட்டருக்குச் சற்று மேலே சேரவேண்டும். ஒன்றரைதான் வந்தால் உடனே போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் மல்டிமீட்டரைப் பாருங்கள். முப்பது வயது வயரில் 11 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால் அசல் பம்பும் திணறத்தான் செய்யும். பேட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தடித்த வயர் இழுத்து மறுபடி அளந்த பிறகே தீர்ப்புச் சொல்லலாம். டேங்குக்குள் பம்பை இணைக்கும் குட்டி ஹோஸும் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கத் தகுதியான வகையாக இருக்கட்டும். சாதாரண ஹோஸ் வெளிப்புறம் ஊறி வெடித்து, அளந்து வாங்கிய அழுத்தத்தை டேங்குக்குள்ளேயே கொட்டிவிடும்.