படியெடுத்தலும் ஒரு தானமே

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். இவற்றுள் சாத்திர தானம் என்பது அறநூல்களைப் படியெடுத்து வழங்குதலையும் உள்ளடக்கியதாகும். ஓலை செல்லரிக்கும், எழுத்துச் சிதையும். ஆதலின் பழைய ஏடு அழியுமுன் புதிய ஏடு எழுதப்பட்டது. 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை என்னும் அம்மையார், பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பர்.

ஏட்டுக்கு இயன்ற இக்காப்பு, ஓவியத்துக்கு எளிதில் இயலவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் அறிவர் கோயில் இதற்குச் சான்றாகும். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலமாகிய 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குடைவரையைப் புதுப்பித்ததை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறும். விதானத்தில் தாமரைத் தடாகம். அதனுள் மீனும் அன்னமும் யானையும் எருமையும். இடையே மலர் கொய்யும் பவ்வியர். தூண்களில் ஆடல் மகளிர். இவற்றின் பல பகுதிகள் இன்று உதிர்ந்தும் மங்கியும் காணப்படுகின்றன.

பிரான்சு நாட்டு லாஸ்கோ குகை ஓவியங்களும் பார்வையாளரின் மூச்சுக் காற்றால் கேடுற்றன. 1963இல் குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 1983இல் அதன் ஒரு பகுதிக்கும், 2016இல் கணினி அளவீட்டின் துணையால் இன்னும் விரிவாகவும் படி அமைத்து மக்களுக்குத் திறந்தனர்.

இம்முறையில், ஒன்றையொன்று தழுவுமாறு பல கோணங்களில் ஒளிப்படங்கள் எடுக்கப்படும். லேசர் கதிர் சுவரின் மேடுபள்ளங்களை அளக்கும். கணினி அவற்றை இணைத்து முப்பரிமாண உருவம் சமைக்கும். சித்தன்னவாசலையும் இவ்வாறு படியெடுத்துவிட்டால், 350 கிலோமீட்டருக்கு அப்பால் வேலப்பன்சாவடியில் வளரும் குழந்தையும் மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து அத்தடாகத்தை அண்ணாந்து நோக்கலாம். ஓவியத்தின்மேல் ஒரு விரலும் படாது.

எனினும், படியெடுக்கும் நாளில் எஞ்சியிருப்பதையே கருவி காக்கும்; முன்னரே உதிர்ந்ததை மீட்டுத் தராது. பொருளையும் அது தானே உரைக்காது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்கு ஏடுகள் மட்டும் போதவில்லை. சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணரிடமே கேட்டுத் தெளிந்தார். அத்தடாகம் வெறும் குளமன்று, சமவசரணத்துப் பொய்கை என்னும் விளக்கமும் படத்தோடு சேர்ந்து நிற்றல் வேண்டும். ஆதலின் சுவரைப் படியெடுக்கும்போதே முதியோர் கூறும் பொருளையும் குரலாகப் பதிந்து வைத்தல், இக்காலத்துச் சாத்திர தானமாகும். அதற்குரிய காலம், வண்ணம் எஞ்சியிருக்கும் இக்காலமே.