நகலெடுத்தவர் பிழைப்பார்

1910-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் டோக்கியோ நகரில் இளம்பெண் ஒருத்தி அறிஞர் கூட்டத்தின் முன் அமர்த்தப்பட்டாள். மிஃபுனே சிசுகோ என்பது அவள் பெயர், வயது 24. மூடி முத்திரையிட்ட பொருளுக்குள் இருக்கும் எழுத்தைக் கண்ணால் காணாமலே படிக்கும் ஆற்றல் அவளுக்கு உண்டு என்று நம்பினார் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் புக்குராய் தொமொகிச்சி. அப்பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரும் இயற்பியல் அறிஞருமான யமகாவா கென்ஜிரோ, ஈயக்குழாய்களில் எழுத்துகளை வைத்து அடைத்துக் கொடுத்தார். எழுத்துகளை அவள் சொல்லத்தான் செய்தாள். ஆனால் அவை யமகாவா வைத்தவை அல்ல. பயிற்சிக்கென்று புக்குராய் கொடுத்திருந்த வேறொரு குழாயினுள் இருந்தவை!

ஐயம் எழுந்தது. செய்தித்தாள்கள் அதைப் பற்றிக்கொண்டன. நேற்றுவரை அற்புதப் பெண் என்று போற்றியவற்றுள் பல, மோசடி என்று தூற்றத் தொடங்கின. 1911 சனவரியில் சிசுகோ தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். எண்ணத்தைப் புகைப்படத் தகட்டில் பதிப்பவர் என்று புக்குராய் அறிமுகப்படுத்திய நகாவோ இக்குகோ என்ற பெண்மணியும் அதேபோன்ற ஏளனத்துக்கு ஆளாகி, அடுத்த மாதமே நோயுற்று இறந்தார். புக்குராய் விடவில்லை. 1913-இல் தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். அவர் சோதித்த மற்றொரு பெண்ணின் பெயர் சதாகோ.

எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தப் பெயர் உலகையே அச்சுறுத்தியது. சுசுகி கோஜி 1991-இல் எழுதிய நாவலைத் தழுவி, நகாதா ஹிதேயோ இயக்கி, 1998 சனவரி இறுதியில் வெளிவந்த 'ரிங்கு' என்ற ஜப்பானியத் திகில் படத்தையே குறிப்பிடுகிறேன். ஒரு வீடியோ நாடா. அதைப் பார்த்தவர் ஏழாம் நாள் இறப்பார். இவ்வளவுதான் கதையின் முடிச்சு.

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம். குருதி வெள்ளமோ, செலவு மிகுந்த தந்திரக் காட்சிகளோ அதில் இல்லை. சதாகோவாக வரும் கபுகி நாடகப் பயிற்சி பெற்ற நடிகையைப் பின்னோக்கி நடக்கச் செய்து, படச்சுருளைத் தலைகீழாக ஓட்டினார்கள். அந்த நடையில் மனித இயல்புக்கு ஒவ்வாத ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது. முகத்தை மறைக்கும் நீண்ட கருங்கூந்தலும் வெள்ளாடையும் ஜப்பானியரின் பழைய பேய் ஓவியங்களில் உள்ளவையே. புதியது, அந்த உருவம் வெளிப்படும் வாசல்: வீட்டுக் கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டி.

1976-இல் ஜப்பானின் விக்டர் நிறுவனம் வி.எச்.எஸ். நாடாவை அறிமுகப்படுத்தியபின், நகலெடுப்பது வீட்டு வேலையாகிவிட்டது. இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்தால் போதும். சுசுகியின் நாவல் இதை வைரசோடு வெளிப்படையாகவே இணைக்கிறது. அதில் சதாகோவின் சாபத்தோடு பெரியம்மைக் கிருமியும் கலந்திருக்கிறது. உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டுவிட்டதாக 1980-இல்தான் அறிவிக்கப்பட்டிருந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பகையோ நட்போ அறியாது, தன்னைப் பெருக்கிக்கொள்வதை மட்டுமே அறிந்தது கிருமி. திரைப்படமோ அம்மையைப் பற்றிப் பேசுவதில்லை. அது நல்ல முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. தொற்றும் பொருள் இன்னதென்று பெயரிடாதபோது அச்சம் கூடுகிறது.

படத்தில் சதாகோவின் தாய் ஷிசுகோ, சிசுகோவைப் போலவே பத்திரிகையாளர்முன் சோதிக்கப்படுகிறாள். ஒருவர் எழுந்து மோசடி என்று கத்துகிறார், அடுத்தவர் கத்துகிறார், நொடியில் கூட்டமே எழுந்து நிற்கிறது. நாடா உருவாவதற்கு நெடுங்காலம் முன்பே, இந்தக் காட்சியில்தான் முதல் தொற்று நிகழ்கிறது.

பின்னர் அந்தத் தாய் ஓஷிமா தீவின் மிஹாரா எரிமலையில் மடிகிறாள். இதுவும் வெறும் கற்பனை இடம் அன்று. 1933-இல் அங்கே மாணவி ஒருத்தி உயிர் துறந்த செய்தியைத் தாள்கள் விரித்து எழுத, அதைப் படித்தவர்கள் பலர் அதே இடத்தைத் தேடிச் சென்றார்கள். காவல் போட்டுத் தடுக்க நேர்ந்தது.

சங்கிலிக் கடிதங்களையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். 1922-இல் 'நற்பேற்றுக் கடிதம்' என்ற பெயரில் வெளிநாட்டிலிருந்து ஜப்பானுக்குள் நுழைந்த அவ்வழக்கம், 1970-களில் 'கேட்டுக் கடிதம்' என்று உருமாறிப் பள்ளிப் பிள்ளைகளைக் கலங்க வைத்தது. நம் ஊர்களிலும் புனிதர்களின் பெயராலும் தெய்வங்களின் பெயராலும் இப்படி அஞ்சலட்டைகள் வந்ததை வாசகர்கள் அறிவர். இத்தனை படி எழுதி அனுப்பு, இல்லையேல் துன்பம் வரும்! பக்தியின் ஆடையை உடுத்திய மிரட்டல் அது.

படத்தின் செய்தியாளர் ரெய்கோ, தன் முன்னாள் கணவர் ரியூஜியோடு கிணற்றில் இறங்கிச் சதாகோவின் எலும்புகளைக் கண்டெடுத்து, மண்டையோட்டை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். பழைய பேய்க்கதை எதுவாயினும் இங்கே முடிந்திருக்கும். எலும்புக்கு மரியாதை கிடைத்தது, ஆவி அடங்கிற்று என்று நாமும் எழுந்திருப்போம். ஆனால் மறுநாள் ரியூஜி இறந்துபோகிறார். தான் மட்டும் பிழைத்தது ஏன் என்று ரெய்கோ எண்ணிப் பார்க்கிறாள். இரக்கம் அவளைக் காக்கவில்லை. அவள் நாடாவை நகலெடுத்து இன்னொருவருக்குக் காட்டியிருந்தாள், அவ்வளவே.

அவளுடைய சிறு மகனும் அந்த நாடாவைப் பார்த்துவிட்டான். அவனுக்கு இன்னும் சில நாள்களே உள்ளன. ரெய்கோ வீடியோ கருவியைக் காரில் எடுத்து வைத்துக்கொண்டு புறப்படுகிறாள். வழியில் தன் தந்தையைத் தொலைபேசியில் அழைத்து, பேரனுக்காக ஓர் உதவி வேண்டும் என்கிறாள். என்ன உதவி என்பது அந்த முதியவருக்கு இன்னும் தெரியாது.