சிப்பிகாட்டுத் தென்னைகளும் கண்ணுக்குத் தப்பும் உயிர்களும்

1981-ஆம் ஆண்டு பிஜி, சாலமன் தீவுகள், பப்புவா நியூகினி முதலிய பசிபிக் நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட தென்னை வகைகள் இந்தியா வந்தபோது, அவை காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தோப்புகளில் நடப்படவில்லை. தெற்கு அந்தமானில், அன்றைய போர்ட் பிளேருக்கு அருகிலுள்ள சிப்பிகாட்டில் நடப்பட்டன. உலகத் தென்னை மரபுவள மையம் என்று பின்னர் அறியப்பட்ட தோட்டம் அது. தீவைத் தேர்ந்ததன் காரணம் எளிது. அயல்நாட்டு நெற்றோடு ஏதேனும் நோயோ பூச்சியோ வந்திருந்தால், கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் அது பரவாதபடி கடல் காவல் நிற்கும். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று பெயர் சுட்டும் தீவுக்கூட்டத்தை அடுத்த மண், நவீன வேளாண்மைக்கு ஒரு தடுப்பரணாயிற்று.

ஆனால், தடுக்கப்பட வேண்டியது எது என்று எவ்வாறு அறிவது? தென்னையின் எதிரிகளுள் மிகச் சிறியவை சிலந்திப்பேன்கள். அவற்றுள் இரண்டின் வரலாறு இக்கேள்வியின் கடுமையைக் காட்டும்.

முதலாவது கோவையில் தொடங்குகிறது. அங்குத் தென்னை ஓலையின் அடிப்புறத்திலிருந்து எடுக்கப்பட்ட செந்நிறச் சிற்றுயிர்களை இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் சிலந்தியின வல்லுநர் ஸ்டான்லி ஹர்ஸ்ட் ஆராய்ந்து, 1924-இல் ராவோயெல்லா இண்டிகா என்று பெயரிட்டார். பேரினப் பெயரில் ‘ராவ்’ என்னும் இந்தியப் பெயரும், ‘சிறியது’ எனப் பொருள்படும் இலத்தீன் விகுதியும் இணைந்துள்ளன. உயிரின் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். முதுகில் கரும்பட்டைகள், நுனி தட்டையாகி அகப்பை போல் விரிந்த மயிர்கள், அம்மயிர் நுனிகளில் ஒளிரும் சிறு நீர்த்துளிகள். ஏனைய செஞ்சிலந்திப்பேன்களைப் போல் இது நூல் நூற்பதில்லை. கைவில்லையோடு தோப்பில் நிற்பவர்கூட இவ்வளவையும் கண்டுகொள்ளலாம். ஆகவே அடையாளம் காண்பது இங்கே பெருஞ்சிக்கலன்று.

எண்பது ஆண்டுகள் இது பெரிதும் ஆராய்ச்சித்தாள்களுக்குள் அடங்கிய உயிராகவே இருந்தது. 2004-இல் கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் காணப்பட்டது. 2007-இல் புளோரிடாவிலும் வெனிசுலாவிலும், 2009-இல் பிரேசிலிலும். அங்கே தென்னையோடு நில்லாமல் வாழையையும் பற்றியது. அதன் பின்னரே அது எவ்வாறு உண்கிறது என்பது கூர்ந்து நோக்கப்பட்டது: இலையின் மேற்றோலைக் குத்திக் கிழிக்காமல், இலைத்துளைகளின் வழியே வாயுறுப்பை நுழைத்து உட்சாற்றை உறிஞ்சுகிறது. பிறந்த மண்ணில் எண்பது ஆண்டுக் காலம் எவரும் கேளாத கேள்விக்கு, அது பிறர் தோப்பில் புகுந்தபின் விடை தேடப்பட்டது.

பிறந்த மண் என்பதும் பிழையான வழக்கே. ‘இண்டிகா’ என்னும் சொல் மாதிரி எடுக்கப்பட்ட இடத்தைக் கூறுமேயன்றித் தாயகத்தைக் கூறாது. கோவையில் 1924-க்கு முன்பே வேளாண் கல்லூரியும் பூச்சியியலாளரும் இருந்தமையால் கோவையில் கண்டெடுக்கப்பட்டது, அவ்வளவே.

இரண்டாவது உயிரின் கதை தலைகீழானது. மெக்சிகோவின் குவெரேரோ மாநிலத்திலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு, கலிபோர்னியாவின் கீஃபர் 1965-இல் அசேரியா குவெரேரோனிஸ் என்று பெயரிட்டார். சில ஆண்டுகளுக்குள் அது மேற்கு ஆப்பிரிக்காவிலும் அறியப்பட்டது. 1997-இன் இறுதியில் இலங்கையின் கற்பிட்டிப் பகுதியிலும், 1998-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் காணப்பட்டுத் தமிழகத்துக்கும் பரவியது. மலையாளத்தில் மண்டரி, தமிழ்த் துண்டறிக்கைகளில் ஈரியோபைட் சிலந்தி.

இந்தத் தமிழ்ப் பெயர் சற்று நின்று நோக்கத்தக்கது. சிலந்திக்கு எட்டுக் கால்கள், இவ்வுயிருக்கு நான்கே. உடல் புழுப்போல் நீண்டது. ஆங்கில வேளாண் வழக்கில் ‘சிவப்புச் சிலந்தி’ என்றொரு பழம்பெயர் உண்டு. ஹர்ஸ்டின் 1924-ஆம் ஆண்டுக் கட்டுரைத் தலைப்பிலும் அதுவே நின்றது. அவ்வழக்குத் தமிழுக்கும் வந்து, சிவப்பும் அல்லாத, சிலந்தியும் அல்லாத ஓர் உயிரின்மீது ஒட்டிக்கொண்டது. மழைக்கால நிலத்தில் ஊரும் செம்பட்டு உயிரை ‘மூதாய்’ என்று தனிச்சொல்லால் சுட்டியது சங்கத்தமிழ். ‘உண்ணி’ என்பதோ தொழிலால் வந்த பெயர். கண்ணுக்குத் தெரிந்தவற்றுக்கெல்லாம் செம்மையாகப் பெயரிட்ட மொழி, கண்ணுக்குத் தெரியாததற்கு இரவல் பெற்றது இயல்பே. எனினும் சிலந்தி என்று கேட்ட உழவர் வலையையும் கால்களையும் தேடினால் பிழை அவருடையதன்று.

தேடினாலும் காண்பது அரிது. நீளம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. வாழிடமோ குரும்பையின் காம்படியில் இறுகப் பொதிந்த இதழ்களின் உட்புறம். வெளியே தெரிவது விளைவு மட்டுமே: இதழோரத்தில் வெளிறிய முக்கோணத் திட்டு, பின்னர் அது பழுப்பாகி வெடித்து, காய் சிறுத்து, மட்டை இறுகுவது. இனத்தை உறுதிசெய்ய உயிரைத் தெளியவைத்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, முதுகுக் கவசத்தின் கோடுகளையும், கால்நுனியிலுள்ள இறகுபோன்ற நகத்தின் கிளைகளையும், பெண்ணின் பிறப்புறுப்பு மூடியின் வரிகளையும் உயர்திறன் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். அதன் பூர்விகத்தைக் கூறும் பணியை மரபணு மேற்கொண்டது. 2005-இல் வெளியான ஆய்வில் ஆசிய, ஆப்பிரிக்க மாதிரிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. வேறுபாடு மிகுந்திருந்தது அமெரிக்க மாதிரிகளில். தாயகம் அமெரிக்கா என்பது அதனால் வலுப்பெற்றது. தென்னையோ அமெரிக்காவுக்கு வந்தேறி. ஆகவே இவ்வுயிர் முதலில் வேறொரு தாவரத்தில் வாழ்ந்திருக்க வேண்டும்.

சிப்பிகாட்டுக்குத் திரும்பினால், 1981-இன் ஏற்பாட்டினுடைய அறிவும் எல்லையும் ஒருங்கே புலப்படும். கிழக்கிலிருந்து வரும் நெற்றுக்கு அந்தமான் வாயிற்காவலாக நின்றது; மண்டரி தோன்றியதோ நிலப்பகுதியின் மேற்குக் கரையில். அதன்பின் தீவும் நிலமும் ஒன்றையொன்று ஐயுற வேண்டிய நிலை. பூச்சிப் பட்டியலில் ஓர் இனத்தின் பெயர் இல்லாமை அது அங்கே இல்லை என்பதற்குச் சான்றாகாது. அங்கே எவரும் காம்பிதழை நீக்கி நுண்ணோக்கியில் பார்க்கவில்லை என்பதற்கும் அது சான்றாகலாம். இந்திய விலங்கியல் அளவாய்வகத்தின் அந்தமான் நிலையமே 1977-இல்தான் தொடங்கப்பட்டது.

சிப்பிகாட்டின் பசிபிக் வகைகளைக் கருநாடகத்தின் கிடு மரபுவங்கிக்குக் கொண்டுவந்தபோது முழு நெற்றைக் கப்பலேற்றவில்லை. முற்றிய காயைப் பிளந்து, கரு பொதிந்த பருப்பை உருளைத் துண்டாகக் குடைந்து, அதிலிருந்து கருவை நுண்ணுயிர் நீக்கிப் பிரித்து, சோதனைக் குழாயில் வளர்த்து நாற்றாக்கினர். மட்டையும் காம்பிதழும், அவற்றுள் ஒளிந்திருக்கக்கூடிய அனைத்தும், தீவிலேயே விடப்பட்டன.